இருபத்தொரு கோரிக்கையும் காணாமற்போன முத்திரையும்

அத்தியாயம் 5

வருங்கால வரலாற்றாசிரியர்களின் மேலான கவனத்துக்கு: பொலிவிய நாட்டின் அமைதி, அரசியல் சட்டத்தின் மாண்பு, உழைக்கும் வர்க்கத்தின் தன்மானம் ஆகிய மூன்றும் ஒருசேர ஆபத்தில் சிக்கிய நெருக்கடி சுல்பாபம்பா என்னும் ஊரில், பள்ளிக்கூடக் கூடைப்பந்து மைதானத்தில் நிகழ்ந்தது. காணாமற்போனது ஒரு ரப்பர் முத்திரை. நாலு சென்டிமீட்டர் விட்டம். நடுவே ஒரு ஸ்டியரிங் சக்கரம். சுற்றிலும் 'சுல்பாபம்பா மினிபஸ் ஓட்டுநர் சங்கம்' என்ற எழுத்து. மரப்பிடியில் ஒரு பல் தடம் உண்டு. அது ஒரு நாயின் பல். அந்த நாய்க்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

துப்பறிவாளர் ருஃபினோ அபாசா அந்த ஊருக்கு வரவில்லை; மாட்டிக்கொண்டார். ஒருரோ நகரில் ஒரு வாத்தியக் குழு தொலைத்த டூபாவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு லா பாஸுக்குத் திரும்பும் வழியில், அவர் வந்த பேருந்தின் முன்னால் சாலை முடிந்து கற்குவியல் ஆரம்பித்தது. சாலை மறியல். சட்டம் படித்தவர் என்பதால் எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், இவரிடம் போனவர்கள் யாரும் உடனே சாகவில்லை.

அவருடைய உதவியாளர் நியெவெஸ் கயிசாயா பதினோரு வருஷம் மினிபஸ் கதவில் தொங்கி ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றியவள். ஆகவே ரகசியம் பேச வராது. மறியலின் மூன்றாம் நாள் காலை அவளுக்கு நாட்டின் அமைதியைப் பற்றிய கவலை ஏதும் இல்லை. அப்பி கிடைக்கவில்லை என்ற கவலைதான். ஊதா மக்காச்சோளத்தைப் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றினால் அதுதான் அப்பி. குடித்தவன் உதடு மத்தியானம் வரை ஊதாவாக இருக்கும். சுல்பாபம்பாவில் அப்பி விற்கிற ஒரே பெண்மணி, முதல் நாளே கற்களுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். ஊரில் ஒரு சொட்டு அப்பி இல்லை.

"இந்த அரசாங்கம் கவிழணும் டாக்டரே," என்றாள் நியெவெஸ். "கவிழ்ந்தா அப்பி வருமான்னு தெரியாது. ஆனா கவிழணும்."

அந்த நேரத்தில்தான் தக்காளி வியாபாரி டோன்யா எபிஃபானியா, அதாவது எபிஃபானியா அம்மா, வந்து அவர்கள் எதிரே நின்றாள். வட்டத் தொப்பி, அடுக்கடுக்கான பாவாடை, கையில் ஒரு தக்காளி. அவளுடைய லாரி பேருந்துக்குப் பின்னால் ஐந்தாவதாக நின்றது. பள்ளத்தாக்கிலிருந்து இருநூறு கூடை தக்காளி. வீட்டு மாடிக்குக் கூரை போட வாங்கி வைத்திருந்த தகரத்தை விற்று எடுத்த சரக்கு. நாளை விடிகாலை லா பாஸை ஒட்டிய எல் ஆல்டோவின் பெருஞ்சந்தை. அதைத் தவறவிட்டால் அடுத்த சந்தைக்குள் தக்காளி தானாகவே துவையலாகிவிடும். மழைக்காலமோ கூரைக்காகக் காத்திராது.

"முத்திரையைக் கண்டுபிடிச்சுக் குடுங்க டாக்டரய்யா," என்று கையிலிருந்த தக்காளியை அவர் மடியில் வைத்தாள். "மூணு கூடை தர்றேன்."

டாக்டர் ஆறு என்றார். அவள் தக்காளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பத்தடி போனாள். பதினோராவது அடியில் டாக்டர் கூப்பிட்டார். மூன்று கூடைக்கே முடிந்தது. அன்று அந்த ஊரில் நடந்த பேச்சுவார்த்தைகளிலேயே பேசத் தெரிந்தவர் நடத்தியது அது ஒன்றுதான்.

நடந்தது இது. சங்கத்தின் கோரிக்கைகள் இருபத்தொன்று. அந்த நாட்டில் இருபத்தொரு கோரிக்கை என்றால் ஒன்று வாங்குவதற்கு, இருபது பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பதற்கு. இது எல்லோருக்கும் தெரியும், துணை அமைச்சர் பாட்ரிசியோ இதுரால்டேவுக்கு மட்டும் தெரியாது. அவர் பேச்சுவார்த்தைக் கலையை வெளிநாட்டில் படித்துப் பட்டயம் வாங்கியவர். முந்தின நாள் மத்தியானம் மலையிறங்கி வந்து, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து, 'எதிர்த்தரப்பின் தேவையைப் புரிந்துகொள்கிறேன்' என்று சொல்லி, பதினாலே நிமிஷத்தில் இருபத்தொன்றையும் ஒப்புக்கொண்டார். பாலம், தார்ச்சாலை, பல்கலைக்கழகம், ஓட்டுநருக்கு வெண்கலச் சிலை, கடலில்லாத அந்த ஊருக்கு ஒரு கப்பற்படை அலுவலகம், எல்லாம் சரி. மைதானத்தில் கைதட்டல் இல்லை. இருநூறு பேரும் ஏமாற்றப்பட்டவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் தட்டச்சானது. முத்திரை வைக்கிற பால்பவுடர் டப்பாவைத் திறந்தார்கள். இல்லை. முத்திரையில்லாத காகிதத்தில் அந்த ஊரார் மீன் கூடக் கட்டுவதில்லை. கல் அப்படியே இருந்தது. சங்கம் அரசாங்க உளவாளி திருடியதாக அறிக்கை விட்டது. துணை அமைச்சர் பதிலறிக்கை எழுதிப் பள்ளிக் கதவில் ஒட்டினார். அதன் கீழே பாதிப் பக்கத்துக்குச் சுழித்துச் சுழித்துக் கையெழுத்து.

டாக்டர் அந்தக் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"என்ன கண்டீங்க?" என்றாள் நியெவெஸ்.

"அழகான கையெழுத்து," என்றார்.

சங்கத்தின் ஏடுகளுக்கும் டப்பாவுக்கும் பொறுப்பாளர் தெயோதோரா. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். பதினோரு முறை தேடியாகிவிட்டது என்றாள். டாக்டர் டப்பாவைத் திறந்தார். ஊதா மை நனைத்த பஞ்சுத் தட்டு பத்திரமாக இருந்தது.

"திருடன் முத்திரையை மட்டும் எடுத்தான், மையை விட்டுட்டான்," என்றாள் நியெவெஸ். "காரைத் திருடிச் சாவியை விட்டுட்டுப் போற மாதிரி."

"காரை ஓட்டுறதுக்கா எடுத்தான்? நாம ஓட்டக் கூடாதுன்னு எடுத்தான்," என்றார் டாக்டர்.

மற்றவற்றைத் தெயோதோரா அழுகைக்கு நடுவே சொன்னாள். அவள் அழுதது ஒப்பந்தத்துக்காக அல்ல, அட்டைக்காக. மறியலுக்கு வரும் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரு அட்டை உண்டு. காலையில் ஒரு முத்திரை, மாலையில் ஒரு முத்திரை. நேற்று மூன்று மணிக்குக் குத்தியதுதான் கடைசி. ஒரு முத்திரை குறைந்தால், மறியல் முடிந்தபின் ஒரு வாரம் அவன் வண்டி நிலையத்தில் கடைசியாகத்தான் ஆள் ஏற்ற வேண்டும். முதல் வண்டியில் பதினான்கு பேர் நசுங்கிப் போவார்கள். கடைசி வண்டியில் ஓட்டுநரும் அவர் விதியும் போவார்கள். இன்று காலை இருநூறு பேர் அட்டையோடு வரிசையில் நின்று, வெறும் அட்டையோடு திரும்பினார்கள். சிலர் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சாட்சிக்குத் தன் மாமியாரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் தலையாட்டினார். "அட்டை இருக்கிறவன் எவனும் அந்த முத்திரையை ஒளிச்சு வைக்க மாட்டான். தன் கழுத்தைத் தானே அறுக்கிறது மாதிரி. அம்மா தெயோதோரா, இந்தச் சங்கத்துல அட்டை இல்லாதவங்க யாரு?"

"எல்லாருக்கும் உண்டு டாக்டர்."

"எல்லாருக்குமா?"

"தலைவரைத் தவிர. தலைவருக்கு யாரு அட்டை குடுப்பாங்க? குடுக்கிறதே அவருதானே."

தலைவர் செவெரோ லிமாச்சி கற்குவியலின் உச்சியில், கழுத்தில் மாலையோடு நின்று தொலைவை நோக்கிக்கொண்டிருந்தார். தொலைவில் ஒன்றுமில்லை. முப்பது வருஷமாகத் தலைவராக இருப்பவருக்குத் தொலைவைப் பார்ப்பது ஒரு வேலை. கன்னம் ஒரு பக்கம், களைப்புக்கு மெல்லுகிற கோகா இலையால் புடைத்திருந்தது. இடுப்பில் நெய்த கோகாப் பை. அவர் திரும்பி, அரசாங்கச் சதியைப் பற்றி ஆரம்பித்தார்.

நியெவெஸ் சதியைக் கேட்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் ஏக்கம் அவள் தொண்டையில் எழும்பிற்று.

"அப்பி நல்லா இருந்துச்சா தலைவரே?"

"எந்த அப்பி?"

"அதைத்தானே நானும் மூணு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். ஊர்ல சொட்டு இல்லை. உங்க உதடு மட்டும் ஊதாவா இருக்கு."

செவெரோ வாயை மூடினார். அவர் வாயைத் தானாக மூடியது சங்க வரலாற்றில் அதுவே முதல் முறை. டாக்டர் மெல்ல இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, கொஞ்சம் கோகா கேட்டார். அந்த மலையில் கேட்டவனுக்குக் கோகா இல்லையென்று சொல்கிறவன் மனிதனே அல்ல. செவெரோ விரல் நுனியால், பையின் மேலாக நாலு இலையைக் கிள்ளினார்.

"அடியில இருக்கிறதைக் குடுங்க தோழரே," என்றார் டாக்டர். "அதுதான் நல்லா ஊறியிருக்கும்."

பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் வைத்துத் தலைவர் எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை கோகாப் பைக்குள் இருந்தது. நேற்று மூன்று மணிக்குக் குத்திய மை காயாமல் இலையில் ஒட்டி, இலை வழியாக வாய்க்கு வந்திருந்தது. தலைமைப் பொறுப்பை அவர் சொட்டுச் சொட்டாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"பதினேழைப் படிச்சீங்களா டாக்டர்?" என்றார்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்த நகலை எடுத்தார். பதினேழாவது கோரிக்கை: 'சங்கத்தின் எல்லா மினிபஸ்களுக்கும் மாதந்தோறும் பிரேக் சோதனை நடத்துக; தேறாத வண்டியைச் சாலையிலிருந்து உடனே அகற்றுக.'

நியெவெஸ் இரண்டு முறை படித்தாள். "இது பயணிகள் கேக்க வேண்டியது. நீங்க ஏன் கேட்டீங்க?"

பக்கத்து ஊர்ச் சங்கம் இருபது கோரிக்கை வைத்திருந்தது. இருபத்தொன்று இல்லாவிட்டால் மானம் போகும். சங்கத்தாரால் பதினாறுக்கு மேல் யோசிக்க முடியவில்லை. ஆகவே போன வருஷம் இதே சாலையில் மறியல் செய்த குடியிருப்போர் குழுவின் காகிதத்திலிருந்து ஐந்தை அப்படியே நகலெடுத்தார்கள். யாரும் படிக்கவில்லை. விட்டுக்கொடுக்கப் போகிற கோரிக்கையை எவனாவது படிப்பானா?

"சங்கத்துல நூத்தி நாப்பத்தி மூணு வண்டி," என்றார் செவெரோ. "தேறுறது ரெண்டு. அதுல ஒண்ணுக்கு இன்ஜின் இல்லை. என் வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே ஒரு கல்லுதான். இப்ப அந்தக் கல்லும் மறியல்ல இருக்கு."

"பதினேழு வேணாம்னு எழுந்து சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படி டாக்டர்? குடுத்ததை வேணாம்னு சொல்ற தலைவனை இந்த நாட்டுல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? வாங்கித் தோத்தவன்னு என் சமாதியில எழுதிடுவாங்க. அந்தத் துணை அமைச்சன் மறுத்தான்னா நான் போராடிருப்பேன். போராடி, முழங்கி, கடைசியில பெரிய மனசு பண்ணி விட்டிருப்பேன். படுபாவி மறுக்கவே இல்லையே."

துணை அமைச்சர் மறுத்தால் முத்திரை கிடைக்குமா என்று டாக்டர் கேட்டார். கிடைக்கும் என்றார் செவெரோ. இங்கே பார்த்ததை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றார் டாக்டர். அவர் அதைச் சொன்ன அமைதியில் மிரட்டல் தெரிந்து, செவெரோ வாயிலிருந்த இலையைத் துப்பிவிட்டார்.

துணை அமைச்சர் நாலாம் வகுப்பு அறையில், நாலாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார். இரவு அதிலேயே தூக்கம். கரும்பலகையில் வட்டமும் அம்புமாக ஏதோ வரைந்து, மேலே 'இரு தரப்பும் வெல்வது எப்படி' என்று எழுதியிருந்தார். நான் எல்லாம் கொடுத்துவிட்டேன், ஏன் இன்னும் கல்லை எடுக்கவில்லை என்று அழாத குறையாகக் கேட்டார்.

"அதான் காரணம் ஐயா," என்றார் டாக்டர். "சந்தையில நீங்க அடிமாட்டு விலைக்குக் கேக்குறீங்க. கடைக்காரி மறுபேச்சில்லாம சரிங்கிறா. என்ன நினைப்பீங்க?"

"சந்தோஷமா வாங்கிட்டு வருவேன்."

"உங்க வீட்டுல சமைக்கிறவங்களை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது," என்றாள் நியெவெஸ்.

டாக்டர் விளக்கினார். மறுக்காதவன் கொடுக்க மாட்டான்; இதுதான் இங்கே நம்பிக்கை. ஒன்றையாவது உறுதியாக மறுத்தால்தான் மற்ற இருபதும் நிஜம் என்று நம்புவார்கள். துணை அமைச்சர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்து, அப்படியானால் பாலத்தை மறுக்கட்டுமா, அதற்குத்தான் செலவு அதிகம் என்றார். வாசலில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த செவெரோ இருமுவது கேட்டது.

"பதினேழை மறுங்க," என்றார் டாக்டர்.

"பிரேக் சோதனையா? அது ஒண்ணுதான் செலவே இல்லாதது. சொல்லப்போனா இருபத்தொண்ணுல அது ஒண்ணுதான் புத்தியுள்ள கோரிக்கை. ஜனங்க உயிர் சம்பந்தப்பட்டது."

"அதனாலதான் ஐயா. உயிரையே மறுத்தா, பாக்கிறவன் இது பெரிய மறுப்புன்னு ஒத்துக்குவான்."

நியெவெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு வருஷம் அந்தக் கதவுகளில் தொங்கியவள். எந்த வண்டி எந்த இறக்கத்தில் நிற்காது என்று அவளுக்கு மனப்பாடம். ஆனால் வெளியே ஜன்னலுக்கு அப்பால் டோன்யா எபிஃபானியா ஒவ்வொரு கூடையாகத் தக்காளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடும் விரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாக அமுங்கிற்று.

கூட்டம் கூடியது. துணை அமைச்சர் எழுந்து, பதினேழாவது கோரிக்கையை அரசு ஏற்காது என்றார். அப்புறம் மைதானம் உயிர்பெற்றது. இருநூறு பேர் முகத்திலும் மூன்று நாளில் முதல் முறையாக ஒளி. 'பதினேழு எங்கள் உயிர்' என்று ஒருவர் முழங்கினார்; அது என்ன கோரிக்கை என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே முழங்கினார். பட்டாசு வெடித்தார்கள். துணை அமைச்சர் பெஞ்சுக்கடியில் போய் வந்தார்.

செவெரோ நாற்பது நிமிஷம் பேசினார். பிரேக் இல்லாத வண்டியில் போகும் தாய்மார்களை நினைத்து அழுதார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நாட்டின் நலனுக்காக, நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு, பதினேழை மட்டும் விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெயோதோரா கடைசியாக ஒரு தடவை டப்பாவைத் திறந்தாள். முத்திரை மைத் தட்டுக்கு அடியில் இருந்தது. பன்னிரண்டாவது தேடலில் கிடைத்ததைப் பாதிரியார் அற்புதம் என்றார். ஒரே ஒரு கோகா இலை அதில் ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் இருநூறு அட்டையிலும் குத்தினார்கள். அதன் பிறகு ஒப்பந்தத்தில் குத்தினார்கள். துணை அமைச்சர் பாதிப் பக்கத்துக்குச் சுழித்தார். எல்லோரும் கற்களை நோக்கி எழுந்தபோது, கல் முழுதும் அகன்று வண்டி வரிசை நகர்வதற்குள் சந்தையே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்ட டாக்டர் சாதாரணமாகக் கேட்டார்.

"ஐயாவோட முத்திரை?"

"கையெழுத்துதான் போட்டிருக்கேனே."

"கதவுல ஒட்டினதுலயும் கையெழுத்துதான் இருக்கு. முத்திரை இல்லை."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தம்முடைய முத்திரை லா பாஸில், அமைச்சக அறையில், மேஜை இழுப்பறையில் பூட்டி இருக்கிறது, சாவி தம்மிடம்தான் இருக்கிறது என்று துணை அமைச்சர் ஒப்புக்கொண்டார். ஒன்றுமில்லாத கையெழுத்தால் இருபது கோரிக்கையைக் கொடுத்த இவர் முட்டாளா, பெரிய கெட்டிக்காரரா என்று நியெவெஸ் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். முகத்தில் இரண்டுக்கும் சான்று இல்லை.

சாவியை யார் கொண்டுபோவது? சங்க வண்டி போனால் சங்கமே மறியலை உடைத்ததாகும். துணை அமைச்சரின் ஜீப் போனால் துணை அமைச்சரும் போய்விடுவார். கையில் இருக்கிற ஒரே பிடி அவர்தான். எந்தப் பக்கமும் சேராத ஒரு வண்டி வேண்டும். ஒரு சரக்கு லாரி இருந்தால் தேவலை என்று டாக்டர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

டோன்யா எபிஃபானியா எழுந்து, தனக்கு இஷ்டமில்லை என்றாள். உடம்பு வலி, பாதை மோசம், வேறு யாரையாவது பாருங்கள் என்றாள். செவெரோ கெஞ்சினார். அவள் பத்தடி நடந்தாள். பதினோராவது அடிக்குள் அவளுக்கு லாரியகலப் பாதை, தள்ளிவிட ஆறு ஆள், அடுத்த மறியலில் தன் லாரியை நிறுத்துவதில்லை என்று முத்திரை குத்திய ஒரு சீட்டு, மூன்றும் கிடைத்தன. டாக்டரிடம் சாவியை ஒப்படைத்தார்கள்.

எபிஃபானியா ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார, லாரி கற்களைத் தாண்டி மலையேறியது. தக்காளிக் கூடைகளின் மேல் சாய்ந்திருந்த நியெவெஸ் திரும்பிப் பார்த்தாள். கூடைப்பந்து வளையத்தின் கீழே, சூப் கிண்ணம் ஏந்தி நாட்டின் துணை அமைச்சர் சிறிதாகிக்கொண்டே போனார். மறியல் தொடங்கிவிட்டால் அந்த ஊரில் கிழமை கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்றுதான் கணக்கு. திடீரென்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியைத் தட்டினாள்.

"டோன்யா, அமைச்சகத்தை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கண்ணு," என்றாள் டோன்யா எபிஃபானியா, சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல். "திங்கட்கிழமை காலைல திறப்பாங்க."

அன்று சனிக்கிழமை.